கயிறு பிடிக்கிறவள்

சேசு மரி சூசை துணை

திரேஸ்புரம், தூத்துக்குடி
19-8-1973

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை இசபெல்லா எழுதுவது. இங்கே எல்லோரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். மொம்பாசாவிலிருந்து நீங்கள் போட்ட கடிதம் மாதா கோவில் திருவிழா முடிந்த மறுநாள் வந்தது. மதினி மீன் கழுவிய கையோடு ஓடிவந்து வாங்கினார்கள். நான் வாசித்துக் காட்டும்போது தாளில் சாளை வாசம் அடித்தது. நீங்கள் நலமாக இருக்கிறீர்கள் என்ற வரியை மட்டும் இரண்டாம் முறை வாசிக்கச் சொன்னார்கள்.

திருவிழாவுக்கு இந்த வருஷம் நல்ல கூட்டம். கூரையில் இரண்டு ஓடு மாற்றியாகிவிட்டது. புதுத் துறைமுகத்தில் சீக்கிரம் கப்பல் அணையப் போகிறதாம். அங்கே ஆள் எடுப்பார்கள், உன் அண்ணனை வரச் சொல் என்று தெருவில் ஆளுக்கு ஆள் என்னிடம் சொல்லுகிறார்கள். பங்குப் பள்ளிக்கூடத்தில் எனக்கு இன்னும் தற்காலிக வேலைதான். நான்காம் வகுப்பைப் பார்த்துக்கொள்கிறேன். சத்தமாகப் பேசச் சொல்லிப் பிள்ளைகளே எனக்குச் சொல்லித்தருகிறார்கள்.

இனி எழுத வேண்டியதை எழுதுகிறேன். “நடுக்கடல்ல கிடக்க மனுசனுக்கு இதை எதுக்கு எழுதுதே” என்று மதினி தடுத்தார்கள். பிறகு அவர்களே, எழுதாமல் இருந்தாலும் தப்பு என்றார்கள்.

உங்கள் மகள் பிளாரன்ஸ் பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகளைப் படுத்துகிறாள். அடிப்பது, கிள்ளுவது, சாப்பாட்டுத் தூக்கைப் பிடுங்கி ஒளித்துவைப்பது. ஐந்தாம் வகுப்பில் அவள்தான் உயரம். கூடவே நாலு பிள்ளைகள் சிரிப்பதற்கென்றே சுற்றுகிறார்கள். அவளிடம் அதிகம் மாட்டுகிறவள் வேதமணி என்ற பிள்ளை. தாய் தகப்பன் இரண்டு பேரும் உப்பளத்தில் வேலை. சனிக்கிழமைகளில் இவளும் கூடப் போய் உப்பு வாருவதால் பாதம் வெடித்து வெள்ளை பூத்திருக்கும். “ஏளா உப்புக்காலி, என் பையத் தூக்கிட்டு வா” என்று பிளாரன்ஸ் கூப்பிடுவதை நானே வராந்தாவில் நின்று கேட்டேன். கண்டித்தேன். அந்தக் கண்டிப்பு மணி அடிக்கிறவரைக்கும்கூட நிற்கவில்லை.

முத்துக்குளி விளையாட்டு உங்களுக்குத் தெரியும். இந்தப் பிள்ளைகள் பிறப்பதற்கு முன்பே முத்துக்குளிக்கிற சலாபம் நின்றுபோனது. முத்தெடுக்கப் போன தோணியை இவர்களில் யாரும் பார்த்ததில்லை. விளையாட்டு மட்டும் நிற்கவில்லை. பள்ளிக்கூடத்தில் கை கழுவுகிற சிமெண்டுத் தொட்டியில் சிப்பியைப் போட்டுவிட்டு, குளிக்கிறவள் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு தலையைத் தண்ணீருக்குள் விட்டு எடுக்கவேண்டும். மூச்சு முட்டினால் கயிற்றை அசைப்பாள். கயிறு பிடிக்கிறவள் உடனே இழுக்கவேண்டும். முந்தின வாரம் வியாழக்கிழமை வேதமணி குளித்தாள், பிளாரன்ஸ் கயிறு பிடித்தாள். வேதமணி அசைத்தாள். பிளாரன்ஸ் இழுக்கவில்லை. ஒரு கையில் கயிற்றை வைத்துக்கொண்டு மறுகையால் அந்தப் பிள்ளையின் பிடரியை அமுக்கினாள். சுற்றி நின்றவர்களிடம், “இன்னும் கொஞ்சம் கிடக்கட்டும்” என்றாளாம்.

நான்தான் ஓடிப்போய்த் தூக்கினேன். மூக்கிலும் வாயிலும் தண்ணீர். உதடு நிறம் மாறியிருந்தது. வாந்தி எடுத்தபிறகுதான் சரியாக மூச்சு வந்தது. மறுநாளிலிருந்து அவள் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை.

பிளாரன்ஸிடம் கேட்டதற்கு, “வெளையாட்டுத்தான அத்தை, அவ ஏன் சிரிக்கல?” என்று என்னையே திருப்பிக் கேட்டாள். குறும்பாகக் கேட்டமாதிரி இல்லை. தெரியாமல்தான் கேட்டாள். அதுதான் எனக்கு விளங்கவில்லை.

செய்யவேண்டியதை எல்லாம் செய்தோம். மதினி விளக்குமாறு பிய்கிற மட்டும் அடித்தார்கள். தலைமைச் சிஸ்டர் காலைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்கவைத்தார்கள். வாய்ப்பாடு ஒப்பிக்கிறமாதிரி ஒப்பித்துவிட்டு, படி இறங்கும்போதே பக்கத்தில் நின்ற பிள்ளையைக் கிள்ளினாள். சனிக்கிழமை சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குக் கூட்டிப்போனோம். வெளியே வந்து, “சாமிகிட்ட சொல்லிட்டேன், மூணு அருள்நிறைந்த மரியே சொல்லச் சொன்னாங்க, அதையும் சொல்லிட்டேன், முடிஞ்சுபோச்சு” என்றாள். அவளைப் பொறுத்தவரை உண்மையிலேயே முடிந்துபோயிற்று.

இன்னொரு புகார் வந்தால் டி.சி. கொடுத்துவிடுவதாகச் சிஸ்டர் என்னைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள். நானும் அதே பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறவள். தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

இன்னொன்று. பிளாரன்ஸின் பாய் தினமும் காலையில் ஈரமாகச் சுவரில் காய்கிறது. மூட்டைப்பூச்சிக்காக என்கிறார்கள் மதினி. தலைக்கு ஊற்றுகிற அன்று அவள் கத்தித் தெருவையே கூட்டிவிடுகிறாள். முகத்தைத் துணியால் பொத்திக்கொண்டால்தான் ஊற்றவிடுகிறாள். கடற்கரைப் பிள்ளைக்கு இது என்ன பழக்கமோ.

என்ன செய்யலாம் என்று எழுதுங்கள். அவள்மேல் கோபப்படாமல் எழுதுங்கள்.

மாதா உங்கள் கப்பலோடு வரட்டும்.

தங்கை
இசபெல்லா


சேசு மரி சூசை துணை

திரேஸ்புரம்
14-10-1973

அன்புள்ள அண்ணனுக்கு,

சிங்கப்பூர்க் கடிதம் கிடைத்தது. வயிற்றுவலி தீர்ந்தது அறிந்து மதினி சந்தோஷப்பட்டார்கள். மிளகு ரசம் வைக்கக் கப்பல் சமையல்காரருக்குத் தெரியுமா என்று கேட்கச் சொன்னார்கள்.

தோலை உரித்து உப்பைத் தடவச் சொல்லி எழுதியிருந்தீர்கள். ஜூன் மாதம் பாளையங்கோட்டை போர்டிங்கில் கொண்டு தள்ளிவிடுவதாகவும் எழுதியிருந்தீர்கள். அதே தாளின் அடியில், “ஏளா சண்டியரே, எவளுக்கும் பயப்படாத” என்று பிளாரன்ஸுக்கு இரண்டு வரி. அவள் மேலே உள்ளதை வாசிக்கவே இல்லை. அடியில் உள்ளதைக் கிழித்து ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள்.

அடித்துப் பார்த்தாகிவிட்டது அண்ணா. மதினியின் கைதான் வீங்கியது. போர்டிங்கைப்பற்றி நான் சொல்வது அதிகப்பிரசங்கித்தனமாகத் தோன்றலாம். காலேஜ் விடுதியில் இருந்தவள் என்பதால் சொல்கிறேன். இங்கேயாவது சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுகிறாள். அங்கே இவளைவிடச் சின்னப்பிள்ளைகள் ராத்திரியும் இவள் பக்கத்தில்தான் படுப்பார்கள். நீங்கள் லீவில் வருகிறமட்டும் எனக்குத் தவணை கொடுங்கள். அதற்குள் மாறாவிட்டால் உங்கள் இஷ்டம்போல் செய்யலாம்.

வேதமணி வீட்டுக்குப் போயிருந்தேன். பிளாரன்ஸைக் கூட்டிப்போய் மன்னிப்புக் கேட்கவைப்பதாகத்தான் திட்டம். முதலில் கேட்டுவிட்டுச் செய்வோம் என்று தனியாகப் போனது நல்லதாயிற்று. அந்தப் பிள்ளையின் அம்மா உப்பளத்திலிருந்து அப்போதுதான் வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். “மன்னிப்பு கின்னிப்புன்னு அந்தப் பிள்ளைய இங்கன கூட்டியாந்துராதிய டீச்சர். எம்பிள்ள மறுபடி அந்த மூஞ்சியப் பாத்து சரின்னு சொல்லணும்லா. அதுக்கும் இவதான் கஷ்டப்படணுமா? அவ கைய நீட்டாம இருக்கட்டும், அது போதும்” என்றார்கள். பி.ஏ. படித்த எனக்கு இது தோன்றவில்லை. நாம் கேட்கிற மன்னிப்பு நமக்குத்தான் நிம்மதி.

வேதமணி கதவுக்குப் பின்னாலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்துக்கு வருவதற்கு என்ன வேண்டும் என்று அவளிடமே கேட்டேன். பிளாரன்ஸ் தனக்கு நேர் பின்னால் உட்காரக் கூடாது, இடைவேளையில் தொட்டிப் பக்கம் வரக் கூடாது என்றாள். சிஸ்டர் இரண்டுக்கும் ஒத்துக்கொண்டார்கள். காலாண்டுப் பரீட்சை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று வேதமணி வந்தாள். முன்பெல்லாம் கதவோரம் உட்காருவாள். இப்போது முதல் பெஞ்சு; பிளாரன்ஸ் பக்கத்து வரிசையில்.

இடைவேளையில் பிளாரன்ஸுக்கு நான் ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். எல்லா வகுப்புப் பானைகளிலும் குடிதண்ணீர் நிரப்பவேண்டும். தண்டனை என்று முதலில் முறைத்தாள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் “தண்ணியக்கா” என்று கூப்பிட ஆரம்பித்தபிறகு முறைப்பு குறைந்திருக்கிறது. இவள் மற்றவர்களுக்கு வைத்த பட்டப்பெயர்களோடு பார்த்தால் இவளுக்குக் கிடைத்தது மரியாதையான பெயர்தான்.

வீட்டில் விளக்குமாறு பெருக்க மட்டும். மதினிக்கு இது பெரிய தபசு. கை ஓங்கிக்கொண்டே என்னைப் பார்ப்பார்கள். சாயங்காலம் பிளாரன்ஸ் லாந்தர்க் கண்ணாடி துடைக்கும்போது நான் ஒரு கேள்விதான் கேட்கிறேன். யாரை அடித்தாய் என்று கேட்பதில்லை. இன்றைக்கு யார் முகம் வாடியது என்று கேட்கிறேன். முதல் நாட்களில், “எனக்கு எப்படித் தெரியும், அவங்கவங்க மூஞ்சிய அவங்கவங்க பாத்துக்கிடட்டும்” என்றாள். பிறகு டீச்சர் ஒருத்தி முகம் வாடியிருந்ததைச் சொன்னாள். இன்னொரு நாள், பென்சில் தொலைத்த பிள்ளை ஒன்றைச் சொல்லிவிட்டு, “நான் எடுக்கல” என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டாள்.

போன புதன்கிழமை கண்ணாடியைத் துடைத்து முடித்துவிட்டு மறுபடி அதையே துடைத்துக்கொண்டிருந்தாள். கேட்குமுன்பே சொன்னாள். மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் ரிப்பனைப் பிய்த்துவிட்டாளாம். “அப்ப வாடுச்சு அத்தை. நான் பாத்தேன்.” மறுநாள் தன் ரிப்பனை அவிழ்த்துக்கொண்டுபோய் அந்தப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, வாழைநாரால் சடையைக் கட்டிக்கொண்டு வந்தாள்.

இது புகாராகிவிடுமோ என்று பயந்தேன். மறைக்கவும் மனம் வரவில்லை. சிஸ்டரிடம் போய்ச் சொன்னேன். அவர்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “அவளே வந்து சொன்னது புகார்ல சேராது டீச்சர், போங்க” என்றார்கள்.

பாய் இன்னும் காய்கிறது.

நீங்கள் அடுத்துப் பிளாரன்ஸுக்கு எழுதும்போது சண்டியர் என்று எழுதாமல் பெயரைச் சொல்லி எழுதினால் நன்றாயிருக்கும். சொல்லத் தோன்றியது, சொல்லிவிட்டேன்.

ஜெபத்தில் உங்களை மறவாத
தங்கை இசபெல்லா


சேசு மரி சூசை துணை

திரேஸ்புரம்
16-12-1973

அன்புள்ள அண்ணனுக்கு,

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். மதினி முறுக்குக்கு மாவு இடித்துவைத்துவிட்டார்கள். குடிலுக்கு வைக்கோல் வந்துவிட்டது. வாடைக்காற்றில் தோணிகள் ஒன்றும் வெளியே போகவில்லை. மீன் விலை கேட்டால் கருவாடே போதும் என்றாகிறது.

இந்தக் கடிதத்தை எழுதுமுன் நோட்டுகளைத் திருத்தினேன், துணி துவைத்தேன், அலமாரியைத் துடைத்தேன். ஒத்திப்போட இனி வேலை ஒன்றும் பாக்கியில்லை.

வெள்ளிக்கிழமை இடைவேளையில் பிள்ளைகள் தொட்டியில் முத்துக்குளி விளையாடிக்கொண்டிருந்தார்கள். பிளாரன்ஸ் குடத்தோடு குழாயடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கிட்டே போகவில்லை. வேதமணி தொட்டியிலிருந்து நேரே அவளிடம் வந்தாள். “வா. நீ குளி, நான் கயிறு பிடிக்கேன்” என்றாள்.

பிள்ளைகள் எல்லாம் தொட்டியை விட்டு விலகி வழிவிட்டார்கள். நான் வராந்தாவில் நின்றேன். போய்த் தடுக்கவேண்டுமா, வேண்டாமா என்று தெரியவில்லை. கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். வேதமணி முகத்தைப் பார்த்துத்தான் கூப்பிடாமல் இருந்தேன் என்று நினைக்கிறேன். அதில் பழிவாங்குகிற களை இல்லை. கணக்குப் போடப் பலகைக்கு வருகிற பிள்ளையின் முகம்.

பிளாரன்ஸின் முகம் வெளிறிவிட்டது. ஆனாலும் போனாள். கயிற்றைக் கட்டவிட்டாள். தலையைத் தண்ணீருக்குள் விட்ட உடனே, சிப்பியைத் தொடக்கூட இல்லை, கயிற்றை அசைத்தாள். அதே நிமிஷம் வேதமணி இழுத்தாள். உப்பு வாருகிற கையல்லவா, இழுத்த இழுப்பில் பிளாரன்ஸின் தாடை சிமெண்டில் உரசித் தோல் போய்விட்டது. வேதமணி கயிற்றைக் கீழே போட்டாள். “பாத்தியா, இப்படித்தான் இழுக்கணும். இனிமே உங்கூட நான் வெளையாட மாட்டேன்” என்று சொல்லிவிட்டுத் தன் கூட்டத்தோடு போய்விட்டாள்.

சாயங்காலம் தாடையில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். “அவ ஒடனே இழுத்துட்டா அத்தை” என்றாள். ஆமாம் என்றேன். மறுபடியும் அதையே சொன்னாள். பிறகு, “அப்பா இழுக்கல” என்றாள்.

போன கிறிஸ்துமஸுக்கு நீங்கள் லீவில் வந்திருந்தபோது ரோச் அண்ணாச்சியின் தோணியில் நடந்ததைச் சொன்னாள். அதற்குள் நான் விடுதிக்குத் திரும்பியிருந்ததால் எனக்குத் தெரியாது. கடல் பயம் தெளியட்டும் என்று நம் தெருவில் தகப்பன்மார் செய்கிறதுபோல நீங்களும் அவள் இடுப்பில் கயிற்றைக் கட்டி இறக்கினீர்களாம். அவள் அசைத்தாளாம். நீங்கள் பீடி பற்றவைத்துக்கொண்டு, “இன்னும் கொஞ்சம் கிடக்கட்டும்” என்றீர்களாம். தோணியில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்களாம். தூக்கியபிறகு அவள் இருமியதற்கு, “சண்டியர் மகளா இருந்துக்கிட்டு அழுவியா, சிரிளா” என்றீர்களாம். சிரித்தாளாம்.

மதினியிடம் கேட்டேன். அவர்கள் கரையில் நின்று பார்த்தார்களாம். எல்லோரும் சிரிக்கவும் தானும் சிரித்தேன் என்று சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்கள். பாய் காய்வது அந்த வாரத்திலிருந்துதானாம்.

நீங்கள் விளையாட்டுக்குத்தான் செய்தீர்கள் என்று எனக்குத் தெரியும் அண்ணா. அவளும் விளையாட்டுக்குத்தான் என்றே சொன்னாள்.

நம் அப்பா சங்கு குளிக்கப் போகும்போது மாமாதான் கயிறு பிடித்தார். கயிறு மச்சான் கையில்தான் இருக்கவேண்டும், கூடப்பிறந்தவள் தாலிக்கு அவன்தான் பயப்படுவான் என்று நம் பக்கத்து வழக்கம். கயிறு கையில் இருக்கிறவரை மாமா வெற்றிலைகூடப் போடமாட்டார், யார் பேசினாலும் பதில் சொல்லமாட்டார் என்பார்கள். இதை எனக்குச் சொன்னவர் நீங்கள்தான். நான் சின்னப்பிள்ளையாக இருக்கும்போது, நெய்த்தோலி மீன் காயப்போட்டிருந்த மணலில் உட்கார்ந்து சொன்னீர்கள்.

என்னைப் படிக்கவைத்தது நீங்கள். இவ்வளவும் எழுதுகிற துணிச்சல் அந்தப் படிப்பில் வந்ததுதான். வேறு யாருக்கு எழுத?

கோபம் வந்தால் என்மேல் வரட்டும். மதினிமேலும் பிளாரன்ஸ்மேலும் வேண்டாம்.

பாலன் சேசு உங்களைக் காக்கட்டும்.

இசபெல்லா


சேசு மரி சூசை துணை

திரேஸ்புரம்
17-3-1974

அன்புள்ள அண்ணனுக்கு,

டிசம்பர் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. ஜனவரியிலும் பிப்ரவரியிலும் மணியார்டர் வந்தது. கூப்பனில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. மதினி இரண்டு கூப்பனையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு விளக்கு மாடத்தில் வைத்துவிட்டார்கள்.

நேற்று ரோச் அண்ணாச்சி வந்து, உங்கள் கப்பல் பம்பாய்க்கு வருவதாகவும் குருத்தோலை ஞாயிறுக்கு முன்னால் நீங்கள் வீட்டுக்கு வந்துவிடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள் என்றார். எங்களுக்கு எழுதாமல் அவருக்கு எழுதியது ஏன் என்று மதினி கேட்கவில்லை. வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு வாங்கிவிட்டார்கள். இந்தக் கடிதம் பம்பாய் ஆபீசில் உங்கள் கைக்குக் கிடைக்கும் என்று நினைத்து எழுதுகிறேன்.

தவணை முடிகிறது. அதனால் உள்ளதை உள்ளபடி சொல்லுகிறேன்.

பிளாரன்ஸ் வானத்துச் சம்மனசு ஆகிவிடவில்லை. போன வாரம்கூட ஒரு பிள்ளையைப் பட்டப்பெயர் சொல்ல வாயைத் திறந்துவிட்டு, கையால் பொத்திக்கொண்டாள். கோபம் வந்தால் இப்போது குடத்தைத்தான் தரையில் டங்கென்று வைக்கிறாள். ஒரு குடம் ஒடுங்கிவிட்டது. டிசம்பருக்குப் பிறகு சிஸ்டர் அவளுக்காக என்னைக் கூப்பிடவில்லை. முன்பு அவளைச் சுற்றிச் சிரித்த நாலு பேரில் மூன்று பேர் இப்போது வேறு இடத்தில் சிரிக்கிறார்கள். மிச்சம் ஒருத்தி, சிரிப்பதற்கு ஒன்றும் இல்லாவிட்டாலும் இவளோடு தண்ணீர் சுமக்கிறாள்.

வேதமணி தினமும் வருகிறாள். சொன்னபடியே பிளாரன்ஸோடு விளையாடுவதில்லை. செவ்வாய்க்கிழமை மட்டும் பரீட்சை நடுவில் பக்கத்து வரிசைக்குத் திரும்பி, “இங்க் இருக்கா?” என்று கேட்டாளாம். பிளாரன்ஸ் வீட்டுக்கு வந்து அதை மதினியிடம் ஒருமுறையும் என்னிடம் ஒருமுறையும் சொன்னாள். கொடுத்தாயா என்று கேட்டேன். “பாட்டிலோட கொடுத்துட்டேன்” என்றாள். பிறகு இவள் எதைத் தொட்டு எழுதினாள் என்று நான் கேட்கவில்லை.

பாய் வாரத்தில் ஒருநாள் இரண்டுநாள்தான் சுவருக்கு வருகிறது.

போர்டிங் விண்ணப்பத்தை ஏப்ரல் முடிவதற்குள் கொடுக்கவேண்டும். அதை நான் வாங்கிவைக்கவில்லை. உங்கள் சொல்லை மீறியதாக நினைக்கவேண்டாம். நீங்கள் அவளை நேரில் பார்த்துவிட்டுத் தீர்மானித்தால் போதும்.

நீங்கள் வருவதை அவளிடம் சொன்னபோது ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். பிறகு கையை விலக்கிக்கொண்டாள். பிறகு, “தோணிக்குப் போவோமா?” என்று கேட்டாள். தெரியாது என்றேன். என்ன பதில் சொல்வதென்று உங்களிடம் கேட்காமல் நான் சொல்லமுடியாது.

ஒரு வேண்டுதல் அண்ணா. நான் இதுவரை உங்களிடம் எதுவும் வேண்டுமென்று கேட்டதில்லை. கேட்குமுன் நீங்களே கொடுத்துவிடுவீர்கள். இதை மட்டும் கேட்கிறேன். ரோச் அண்ணாச்சியின் தோணிக்கு அவளைக் கூட்டிப்போங்கள். அவளை இறக்கவேண்டாம். நீங்கள் இறங்குங்கள். உங்கள் இடுப்பில் கயிற்றைக் கட்டி மறுமுனையை அவள் கையில் கொடுங்கள். பத்து வயசுப் பிள்ளையால் உங்களை இழுக்கமுடியாதுதான். ரோச் அண்ணாச்சி அவளுக்குப் பின்னால் நின்று பிடித்துக்கொள்ளட்டும். ஆனால் முன்னால் இருக்கிற கை அவளுடையதாக இருக்கட்டும்.

நேற்று லாந்தர் துடைக்கும்போது இப்படி ஒன்று நடந்தால் என்ன செய்வாய் என்று சும்மா கேட்டுப்பார்த்தேன். துணியைக் கீழே வைத்தாள். “அப்பா அசைச்சா ஒடனே இழுத்துரணுமா அத்தை?” என்றாள். நீ என்ன நினைக்கிறாய் என்றேன்.

“ஒடனேதான். அப்பாவுக்கும் மூச்சு முட்டும்லா” என்றாள்.

மாதா உங்களைப் பத்திரமாகக் கரை சேர்க்கட்டும். வந்து, கயிற்றைக் கொடுங்கள்.

உங்கள் தங்கை
இசபெல்லா